ஆடிய பட்டையும் அதன் பின்னால் பிரிந்திருந்த மூட்டும்: ஒரு சிறு ஃபைபர் படகின் பழுது ஆய்வு

மண்டபத்தில் பாக் விரிகுடாப் பக்கக் கரையில் வைத்துப் பயன்படுத்தப்பட்டு வந்த ஒரு சிறு ஃபைபர் படகு பழுதுபார்ப்புக்கு வந்தது. அதன் நீளம் 5.2 மீட்டர், பின்பலகையில் 40 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு இன்ஜின். மீன்பிடிக்கு அல்லாமல், கரையோரத்தில் நீர் மாதிரி எடுப்பதற்கும் கடற்புல் திட்டுகளைப் பார்வையிடுவதற்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் தனியார் படகு அது. ஆகவே நாட்டுப் படகுகளைப் போல மணலில் ஏற்றப்படாமல், பெரும்பாலான நேரம் ஒரு கான்கிரீட் ஜெட்டியின் ஓரத்தில் வலப்பக்கம் ஒட்டிக் கட்டப்பட்டே இருந்தது. உரிமையாளர் சொன்ன புகார் மிகச் சிறியது. வலப்பக்கத்து உரசல் பட்டை, அதாவது படகின் மேல்விளிம்பை ஒட்டி வெளிப்புறத்தில் சுற்றி ஓடும் ரப்பர் போன்ற பீடிங், நடுப்பகுதி முதல் பின்பலகை வரை ஆடுகிறது. திருகுகளை இறுக்கித் தந்தால் போதும்.

திருகுகளை இறுக்குவது இந்தப் படகில் ஏற்கெனவே நடந்திருந்தது. பட்டையின் ஓரம் முழுவதும் கண்ணாடி போன்ற சிலிகான் பூசப்பட்டு, அதுவும் அங்கங்கே உரிந்து தொங்கியது. திருகுத் தலைகள் ஒரே அளவில் இல்லை. பழுது ஒரு முறைக்கு மேல் மேலோட்டமாகச் சரிசெய்யப்பட்டு, ஒவ்வொரு முறையும் திரும்பி வந்திருக்கிறது என்பது கழற்றுவதற்கு முன்பே தெரிந்தது. எனவே பட்டை ஏன் கழன்றது என்பதைக் காட்டிலும், திருகு எதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அது ஏன் பிடிக்கவில்லை என்பதையே முதலில் பார்க்க முடிவு செய்தோம்.

படகின் கட்டமைப்பு

இந்த வகைப் படகு இரண்டு அச்சுகளில் தனித்தனியாக வார்க்கப்படுகிறது: நீரில் மிதக்கும் அடியுடல் ஒன்று, மேல்தளமும் விளிம்பும் சேர்ந்த மேலுடல் ஒன்று. சம்படத்தின் மேல் மூடி கவிழ்வதைப் போல மேலுடலின் செங்குத்தான மடிப்பு அடியுடலின் விளிம்புக்கு வெளிப்புறமாக ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் இறங்கி அமர்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிசின் கலந்த பசையை வைத்து, வெளியிலிருந்து திருகுகளால் இறுக்கி, அந்த மூட்டின் மேல் ஒரு அலுமினியச் சட்டத்தைப் பொருத்தி, சட்டத்தின் பள்ளத்துக்குள் கறுப்பு பி.வி.சி. பட்டையைத் திணித்தால் வேலை முடிந்தது. பார்வைக்கு இது ஓர் அலங்கார விளிம்பு போலத் தோன்றும். ஆனால் இந்தப் படகில் சட்டத்தைப் பிடிக்கும் அதே திருகுகள்தான் மூட்டையும் பிடிக்கின்றன. தனித் திருகுகள் இல்லை. சட்டம் ஆடுகிறது என்றால், மேலுடலும் அடியுடலும் ஒன்றையொன்று விட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஐயப்படுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மரத்தால் கட்டும் வல்லத்தில் நிலைமை வேறு. அங்கே விளிம்பில் ஓடும் கனத்த மரம் வங்குகளோடு (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களோடு) ஊடுருவிப் பிணைக்கப்பட்ட உறுப்பு. அடி வாங்கினால் முதலில் அதன் மேல்தோல்தான் போகும். ஃபைபர் படகில் அந்த இடத்தில் இருப்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியிழை மட்டுமே. வல்லத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஃபைபர் படகையும் அதே தைரியத்தோடு ஜெட்டியில் மோதவிடுவதை இந்தக் கரையில் அடிக்கடி காணலாம்.

கழற்றுவதற்கு முன் செய்த சோதனைகள்

படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்பு சமீப காலமாக அடிக்கடி ஓடுகிறது என்று விசாரித்தபோது தெரிந்தது. அலைத் தெறிப்பும் மழையும்தான் காரணம் என்று உரிமையாளர் எண்ணியிருந்தார். படகைத் தண்டவாள வண்டியில் கரையேற்றி, தோட்டக் குழாயால் நீரைக் கீழிருந்து மேலாகப் பட்டையின் மீது மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தோம். உள்ளே ஒருவர் டார்ச் விளக்கோடு படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீரை மேலிருந்து தொடங்கினால் அது எல்லா இடத்துக்கும் வழிந்துவிடும். எந்த உயரத்தில் உள்ளே நுழைந்தது என்பது தெரியாமல் போகும். சட்டத்தின் கீழ்விளிம்பில் நீர் பட்டபோது உள்ளே எதுவும் வரவில்லை. மேல்விளிம்பை எட்டிய சிறிது நேரத்தில் பின் இருக்கைக்குக் கீழே நீர் சொட்டத் தொடங்கியது. ஆனால் அது நுழைந்த இடம் அங்கே இல்லை; நடு இருக்கைக்கு அருகே நுழைந்து, மூட்டின் உட்புறத் திட்டு வழியே ஓடிப் பின்னால் வெளிப்பட்டது. உள்ளே நீர் சொட்டும் இடத்துக்கு நேர் வெளியே மட்டும் பூசி அடைப்பது பெரும்பாலும் பலிக்காததற்கு இதுவே காரணம்.

அடுத்து ஒரு நாணயத்தால் மேல்விளிம்பு நெடுகத் தட்டிப் பார்த்தோம். முன்பக்கம் அணியத்திலிருந்து நடுப்பகுதி வரை கூர்மையான, கெட்டியான ஒலி. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 1.8 மீட்டர் தூரத்துக்கு மந்தமான ஒலி. ஒலி மாறிய இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டோம். பிறகு மூட்டைத் திறந்தபோது அந்தக் குறிகள் விரற்கடை அளவு பிசகோடு பொருந்தின.

கழற்றியபோது தெரிந்தவை

பி.வி.சி. பட்டை வயதாகி இறுகியிருந்ததால் வெந்நீர் ஊற்றி இளக்கி உருவ வேண்டியிருந்தது. சட்டம் வெளிப்பட்டதும் மூன்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன.

முதலாவது, திருகுகள். முதலில் போட்டவை நல்ல எஸ்.எஸ். (துருவேறா எஃகு) திருகுகள், பின்னர் மாற்றியவை தடித்தவை, பழுப்பேறியவை, காந்தத்தில் சட்டென ஒட்டியவை. கடைகளில் எஸ்.எஸ். என்று கேட்டால் கிடைக்கும் தானே துளையிடும் திருகுகளில் பல 410 தரத்தைச் சேர்ந்தவை. அவை கடினமானவை, காந்தத்தில் வலுவாக ஒட்டுபவை, கடல் நீரில் துருப்பிடிப்பவை. 304 தரத்து எஃகும் சூடாக்காமல் அழுத்தி வடிவாக்கும்போது சற்றே காந்தத் தன்மை பெறலாம் என்பதால் காந்தச் சோதனை முழுமையான தீர்ப்பு ஆகாது. ஆயினும் ஆணியைப் போல வலுவாக ஒட்டும் திருகைக் கடலில் நம்பக் கூடாது. நல்ல தரத்துத் திருகிலும், சிலிகானுக்குள் ஈரம் தேங்கி ஆக்சிஜன் கிடைக்காத கழுத்துப் பகுதியில் மட்டும் குழிகள் விழுந்திருந்தன. துருவேறா எஃகு தன் மேற்பரப்பைக் காத்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத ஈரமான இடுக்குதான் அதற்குப் பகை. எஃகுத் தலைகளைச் சுற்றி அலுமினியம் வெண்பொடியாக அரிந்திருந்தது, இரண்டு உலோகங்களும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்ததன் விளைவு.

இரண்டாவது, சட்டத்தின் வளைவு. நடு இருக்கைக்குச் சற்றுப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குச் சட்டத்தின் மூக்கு, அதாவது வெளியே நீண்ட முன்விளிம்பு, கீழ்நோக்கி வளைந்திருந்தது. நேராக ஜெட்டியில் மோதியிருந்தால் சட்டம் உள்நோக்கி நசுங்கியிருக்கும். கீழ்நோக்கிய வளைவுக்குப் பொருள், பட்டை எதன் அடியிலோ சிக்கிக்கொண்டிருக்க, படகு மேலே எழ முயன்றிருக்கிறது என்பது.

மூன்றாவதுதான் முக்கியமானது. சட்டத்தை எடுத்ததும், மெல்லிய மர ஆப்பு ஒன்றைச் செருகியவுடன் மேலுடலின் மடிப்பு அடியுடலை விட்டு மூன்று மில்லிமீட்டர் விலகியது. உள்ளே இருந்த பசை முழுவதும் மேலுடல் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அடியுடல் பக்கம் வழவழப்பாக, பளபளப்பாக இருந்தது. அடியுடலின் வெளிமுகம் அச்சிலிருந்து வெளிவந்த ஜெல்கோட், அதாவது கண்ணாடியிழைக்கு மேலே இருக்கும் வழவழப்பான பிசின் பூச்சு. அச்சிலிருந்து எளிதில் கழன்றுவர வேண்டும் என்பதற்காகத் தடவும் மெழுகு அதன் மீது இருக்கும். அந்த முகத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சொரசொரப்பாக்காமலே பசை வைத்து மூடியிருக்கிறார்கள். பசை காய்ந்து கெட்டியானது, ஆனால் ஒட்டவே இல்லை. இத்தனை காலமும் மூட்டைத் தாங்கியவை திருகுகள் மட்டுமே.

காரணம்

படகு வழக்கமாகக் கட்டப்படும் ஜெட்டியைப் போய்ப் பார்த்தோம். இரு தூண்களுக்கு இடையே ஓடும் கிடைமட்டக் கான்கிரீட் உத்தரத்தின் கீழ்ப்புறத்தில், பழைய டயர் மாட்டுவதற்காக வைத்த ஓர் இரும்புக் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியிலும் உத்தரத்தின் கீழ்விளிம்பிலும் பட்டையின் கறுப்புத் தேய்மானம் அப்பியிருந்தது. பாக் விரிகுடாவில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல் ஏறி இறங்கும் அளவு பெரிதாக உள்ள துறைகளில் பட்டை அந்த உத்தரத்தை வெகு விரைவில் கடந்துவிடும். இங்கோ அது மணிக்கணக்கில் உத்தரத்தின் அடிமட்டத்திலேயே நிற்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் அமைதி. வாடை தொடங்கியதும் வடக்கிலிருந்து வரும் குட்டை அலைகள் படகை ஜெட்டியோடு சேர்த்து ஓயாமல் தூக்கிப் போடுகின்றன. ஒவ்வொரு தூக்கலிலும் பட்டையின் மூக்கை உத்தரம் கீழே அழுத்துகிறது.

இந்த அழுத்தம் திருகுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைக் கணக்கிட்டால் எஞ்சியதும் விளங்கிவிடும். உரசல் பட்டை பக்கவாட்டில் வரும் மோதலை உடலுக்குள் செலுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது; அப்போது திருகுக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. மூக்கு கீழே அழுத்தப்படும்போது சட்டத்தின் கீழ்விளிம்பு உடலில் ஊன்றிக்கொள்ள, மேல்விளிம்பு நெம்பித் திறக்கிறது. மூக்கு உடலிலிருந்து 35 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருந்தது. திருகு, ஊன்றும் கீழ்விளிம்புக்கு 20 மில்லிமீட்டர் மேலே இருந்தது. ஆக, அழுத்தும் விசையைப் போல 1.75 மடங்கு விசை திருகை வெளியே பிடுங்குகிறது. அந்தத் திருகோ, மேலுடலில் துளை தேய்ந்து அகன்றுவிட்டதால், அடியுடலின் 5 மில்லிமீட்டர் தடிமனை மட்டுமே பிடித்திருந்தது. 4.8 மில்லிமீட்டர் திருகின் புரிகளுக்கு இடையே 1.6 மில்லிமீட்டர் இடைவெளி; எனவே பிடித்திருந்தவை மூன்றே புரிகள். அதற்குப் பதிலாகத் தடித்த திருகைச் செலுத்தியபோது கூடுதல் பிடிப்பு கிடைப்பதற்கு மாறாக, ஆப்பு அடித்தது போலக் கண்ணாடியிழை அடுக்குகள் துளையைச் சுற்றிப் பிளந்தன. மேல்விளிம்பு திறந்த வழியே நீர் இறங்கியது, குழாய்ச் சோதனையில் கண்டது போலவே.

சீரமைப்பு

துளைகளை எபாக்சியால் (கெட்டியாக்கி கலந்தால் இறுகும் பிசினால்) அடைத்து மீண்டும் திருகு போடுவது ஒரு வழி. அதில் பட்டை நிற்கும், மூட்டு நிற்காது. எனவே மந்த ஒலி கேட்ட 1.8 மீட்டரையும், அதன் இருபுறமும் நல்ல ஒட்டு தொடங்கும் இடம் வரையிலும் மூட்டை முழுமையாகத் திறந்து மறுபடி ஒட்டுவது என்று தீர்மானித்தோம். படகின் எடை சமமாகத் தாங்கப்பட்டு, உடல் முறுகாமல் இருக்கிறதா என்பதை இந்தக் கட்டத்தில் சரிபார்ப்பது மிக அவசியம். முறுகிய நிலையில் மூட்டை ஒட்டிவிட்டால் அந்த முறுக்கு நிலையாகிவிடும்.

சிலிகானை அகற்றியதுதான் இந்தப் பணியில் நேரத்தை அதிகம் விழுங்கிய பகுதி. கரைப்பான் போட்டுத் துடைத்தால் அது அகலாது, மெல்லிய படலமாகப் பரவும். அதன் மீது எபாக்சியோ வண்ணமோ எதுவும் ஒட்டாது. உப்புத்தாள் போட்டால் படலம் சொரசொரப்பின் குழிகளுக்குள் போய் அடையும். ஆகவே முதலில் பிளாஸ்டிக் சுரண்டியாலும் கூர்க்கத்தியாலும் கண்ணுக்குத் தெரிந்த அனைத்தையும் சுரண்டி எடுத்து, பின்னர் அசெட்டோன் நனைத்த துணியை ஒவ்வொரு இழுப்புக்கும் மாற்றித் துடைத்து, அதன் பிறகே தேய்ப்பைத் தொடங்கினோம். நீருக்கு மேலே உள்ள பொருத்துகளுக்கு சிலிகானைப் பரிந்துரைப்பவர்கள் அடுத்த பழுதைச் செய்யப்போகிறவரை நினைத்துப் பார்ப்பதில்லை என்றே தோன்றுகிறது.

இடுக்கை நன்னீரால் பலமுறை அலசி, நிழலில் காற்றோட்டமாக உலரவிட்டோம். உப்பு தங்கிவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை வெயில் அடித்தாலும் இடுக்கு முழுதாக உலராது. உலர்ந்த பின், மெல்லிய எஃகுப் பட்டையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, ஆப்புகளால் விரித்த இடுக்குக்குள் அதைச் செலுத்தி, அடியுடலின் பளபளப்பு முற்றாக மறையும் வரை அராவினோம். பழைய பசையில் கெட்டியாக இருந்ததை விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் எடுத்தோம்.

ஒட்டுவதற்கு எபாக்சியைத் தேர்ந்தெடுத்தோம். படகு பாலியஸ்டர் பிசினால் செய்யப்பட்டது என்றாலும், காய்ந்து முடிந்த பாலியஸ்டரின் மீது புதிய பாலியஸ்டரை விட எபாக்சி நன்றாகப் பற்றும். முதலில் கலப்படமில்லாத எபாக்சியை இரு முகங்களிலும் தூரிகையால் தடவி ஊறவிட்டு, பிறகு சிலிக்காத் தூள் சேர்த்துக் கரண்டியிலிருந்து வழியாத பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியை ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே செலுத்தினோம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் எபாக்சியின் வேலை நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே மெதுவாக இறுகும் கெட்டியாக்கியை வாங்கி, விடியற்காலையில், சிறு சிறு அளவாகக் கலந்து, தட்டையான தட்டில் பரப்பி வைத்துப் பயன்படுத்தினோம். குவளையில் மொத்தமாகக் கலந்தால் அது தன் சூட்டிலேயே புகையத் தொடங்கும். மூட்டை நெருக்க மெழுகு தடவிய தற்காலிக போல்ட்டுகளைப் பழைய துளைகளில் போட்டு, பசை ஓரத்தில் சீராகப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினோம். அதற்கு மேல் இறுக்கினால் பசை முழுதும் வெளியேறி மூட்டு வறண்டுவிடும்.

உட்புறத்தில் கை எட்டிய இடங்களிலெல்லாம் மூட்டின் குறுக்கே 100 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு அடுக்கு நெய்த கண்ணாடியிழைத் துணியை எபாக்சியால் படித்தோம். இங்கே பட்டறைகளில் எளிதாகக் கிடைக்கும் ‘மேட்’ எனப்படும், நெய்யாத கண்ணாடியிழை விரிப்பைத் தவிர்த்தோம். அந்த விரிப்பின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பான் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது, எபாக்சியில் அது சரியாகக் கரையாததால் மேட் விறைப்பாகவே நிற்கும். எபாக்சி இறுகிய பின் மேலே பிசுபிசுத்த மெழுகுப் படலத்தை நீராலும் தேய்ப்பு நாராலும் கழுவியே அடுத்த வேலைக்குப் போனோம். கடற்கரை ஈரத்தில் இந்தப் படலம் உருவாவது சகஜம். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், வண்ணம் உரியும்.

பழைய துளைகளை அகட்டி, கெட்டி எபாக்சியால் நிரப்பி, அவற்றுக்கு இடையில் 150 மில்லிமீட்டர் இடைவெளியில் புதிய துளைகளை இட்டோம். ஜெல்கோட் சில்லு தெறிக்காமல் இருக்க, துளைக்கருவியை முதலில் பின்னோக்கிச் சுழற்றி மேல்தோலைக் கடந்த பிறகு முன்னோக்கிச் சுழற்றினோம். கை எட்டிய இடங்களில் திருகுக்குப் பதிலாக 316 தரத்து ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகளை ஊடுருவச் செலுத்தி, உள்ளே கண்ணாடியிழையால் வார்த்த 6 மில்லிமீட்டர் தாங்குபட்டையும் அகன்ற வாஷரும் பூட்டு நட்டும் போட்டோம். தாங்குபட்டைக்கு ஒட்டுப்பலகை மலிவு. ஆனால் ஒரு துளையில் நீர் கசிந்தாலே அது உளுத்துவிடும். எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் கை நுழையாத சிறு பகுதியில் மட்டும், எபாக்சி நிரப்பிய தடித்த அடைப்புக்குள் திருகு போட்டு விட்டுவிட நேர்ந்தது. தொட்டியைக் கழற்றாமல் அதற்கு வேறு வழி இல்லை.

வளைந்த அலுமினியச் சட்டத்தின் அதே வடிவம் கடைகளில் கிடைக்கவில்லை. முதுகு அகலம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்த வேறொன்று கிடைத்தது. நடுவில் ஓர் ஒட்டு விழுந்து அதில் கயிறு சிக்குவதை விட, வலப்பக்கம் முழுவதையும் மாற்றுவதே நல்லது என்று உரிமையாளரும் ஒப்புக்கொண்டார். இடமும் வலமும் இப்போது சற்றே வேறுபட்டிருக்கின்றன. தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. எஃகும் அலுமினியமும் தொடும் ஒவ்வொரு இடத்திலும் உலோகத் தடுப்புப் பசையைத் தடவினோம்.

அடைப்புப் பசையாக, பின்னாளில் கழற்ற முடிகிற பாலியூரித்தேன் வகையைப் பயன்படுத்தினோம். நிரந்தரமாக ஒட்டும் வகையைப் போட்டால் அடுத்த முறை சட்டத்தோடு ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். மேல்விளிம்பில் இடைவிடாத கோடாகவும் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றி வளையமாகவும் பசையிட்டோம். கீழ்விளிம்பில் வேண்டுமென்றே இடைவெளிகள் விட்டோம். சட்டத்துக்குள் எப்படியாவது புகும் நீர் அங்கே வழிந்து போகட்டும். இரு விளிம்புகளையும் அடைத்து நீரை உள்ளே சிறைவைத்ததே பழைய திருகுகளின் கழுத்தை அரித்தது. இறுக்கும்போது போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்பினோம். பசை காய்ந்த பின் தலையைத் திருப்பினால் தண்டைச் சுற்றிய அடைப்பு அறுந்துவிடும்.

புதிய பி.வி.சி. பட்டையை வெயிலில் இளக்கி, சோப்பு நீர் தடவி, அணியத்திலிருந்து தொடங்கி இழுக்காமல் தள்ளிக்கொண்டே பொருத்தினோம். இழுத்துப் பொருத்திய பட்டை பின்னர் சுருங்கி முனையில் இடைவெளி காட்டும். அதனால் முனையில் கூடுதல் நீளம் விட்டு, இரவு முழுதும் அடங்கவிட்டு, மறுநாளே நறுக்கினோம்.

சோதனையும் ஜெட்டியும்

குழாய்ச் சோதனையை மறுபடி செய்ததில் உள்ளே நீர் வரவில்லை. அதோடு நிற்காமல், உள்ளறையின் திறப்புகளை அடைத்து, இலை ஊதும் கருவியால் உள்ளே சிறிது காற்றழுத்தம் கொடுத்து, மூட்டின் மேல் சோப்பு நீரைத் தெளித்துப் பார்த்தோம். எரிபொருள் தொட்டிக்கு அருகே, திருகு போட்ட பகுதியில், ஓரிடத்தில் குமிழ்கள் எழுந்தன. குழாய் நீர் காட்டாத கசிவைக் காற்று காட்டிவிட்டது. அந்தத் திருகைக் கழற்றி, துளையை உலர்த்தி, மறுபடி பசையிட்டுப் போட்டதும் குமிழ் நின்றது.

ஜெட்டியை அப்படியே விட்டிருந்தால் இத்தனையும் அடுத்த வாடையில் வீணாகியிருக்கும். ஜெட்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் அனுமதி பெற்று இரும்புக் கொக்கியை அறுத்தெடுத்தோம். உத்தரத்தின் முன்னால், நீர்மட்டத்துக்குக் கீழிருந்து ஜெட்டியின் மேல்மட்டம் வரை, இரண்டு பருத்த சவுக்குக் கம்புகளைச் செங்குத்தாகக் கட்டினோம். படகு ஏறி இறங்கும்போது பட்டை கம்பின் மீது வழுக்கிச் செல்லுமே தவிர, எதன் அடியிலும் போய் மாட்டாது. முன்னும் பின்னும் மட்டும் கட்டியிருந்த கயிறுகளோடு, அணியத்திலிருந்து பின்னோக்கியும் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கியும் இரண்டு குறுக்குக் கயிறுகளைச் சேர்த்ததில், படகு ஜெட்டி நெடுக ஊசலாடிக் கம்புகளைத் தாண்டிப் போவதும் நின்றது.

வாடைக்காலம் முடிந்தபின் படகைத் திரும்பப் பார்த்தபோது, பட்டையில் செங்குத்தான தேய்மானக் கோடுகள் இரண்டு இடங்களில் மட்டும், கம்புகள் படும் இடத்தில், இருந்தன. சட்டம் அசையவில்லை, நாணய ஒலி நெடுகக் கெட்டியாக இருந்தது, பம்பு மழைக்குப் பின் மட்டுமே ஓடுகிறது என்று உரிமையாளர் தெரிவித்தார்.

இடப்பக்கத்தில் ஒரு சில திருகுகளைக் கழற்றி, இடுக்கின் ஓரத்தைச் சிறிது திறந்து பார்த்தோம். அங்கும் அடியுடலின் முகம் அதே பளபளப்போடு இருக்கிறது; ஜெட்டியில் அந்தப் பக்கம் படாததால் திருகுகள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை படகு கரையேறும்போது இடப்பக்க மூட்டையும் திறந்து ஒட்ட வேண்டும் என்றும், அதுவரை அந்தப் பக்கத்தை ஜெட்டிக்குத் திருப்பிக் கட்டக் கூடாது என்றும் பழுது அறிக்கையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.